மாலையில் மலரும் மஞ்சள் பூ: பிள்ளையின் சொறிக்கு அதன் எண்ணெய் உதவுமா?

நவம்பர் பிறந்து ஹீட்டர் ஓடத் தொடங்கினால், கர்க்லாண்டில் எங்கள் வீட்டில் இரவில் ஒரு சத்தம் கேட்கும். இளையவன் நித்திரையில் முழங்கை மடிப்பைச் சொறிகிற சத்தம். விடியப் பார்த்தால் தலையணை உறையில் இரத்தப்பொட்டு.

டொக்டர் எக்ஸிமா என்றார். அம்மா அதைக் கரப்பான் என்பா. "கிறீம் பூசிப் பூசித் தோல் மெலிஞ்சு போகும். இயற்கையா ஏதும் குடு பிள்ளை" என்று ஒரே கரைச்சல். சிநேகிதி ஒருத்தி ஈவ்னிங் பிரிம்ரோஸ் எண்ணெய்க் கப்சூல் போத்தல் ஒன்றைக் கொண்டுவந்து தந்தாள். நானும் ஸ்டீரொய்ட் கிறீமை நிறுத்திவிட்டு அதைக் கொடுக்கத்தான் நினைத்தேன். கொடுக்க முதல் கொஞ்சம் தேடி வாசித்தேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு போத்தல் இருக்கலாம் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

இந்தச் செடிக்கு வட அமெரிக்காதான் சொந்த ஊர். கியூபெக்கில் தெருவோரத்திலும் தானாக முளைக்கும். பிரெஞ்சில் 'ஒனாக்ர்'. மஞ்சள் பூ பொழுதுபட விரியும். இங்குள்ள பூர்வகுடிகள் இதன் வேரைச் சமைத்து உண்டார்கள், செடியை அரைத்துக் காயத்தில் கட்டினார்கள். விதை எண்ணெய் பிரபலமானது பிறகுதான்.

அந்த எண்ணெயில் நூற்றுக்கு 8 முதல் 10 பங்கு காமா லினோலெனிக் அமிலம். எக்ஸிமா உள்ளவர்களின் உடம்பு சாதாரண எண்ணெயிலிருந்து இதைப் போதியளவு உருவாக்குவதில்லை, வெளியிலிருந்து கொடுத்தால் தோல் தேறும் என்பது கருத்து. அதை உலகுக்குப் பரப்பியவர்களில் முக்கியமானவர் டேவிட் ஹொரோபின். 1970களில் எங்கள் மொன்றியல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். பிரிட்டனில் இந்த எண்ணெய் 'எபோகாம்' என்ற பெயரில் எக்ஸிமாவுக்கு டொக்டர் எழுதிக் கொடுக்கும் மருந்தாகவே இருந்தது.

2002இல் பிரிட்டன் அந்த அனுமதியைத் திரும்ப எடுத்தது. ஆபத்து என்பதற்காக இல்லை, பலன் தருகிறது என்பதற்குப் போதிய சான்று இல்லை என்பதற்காக. 2013இல் கொக்ரேன் அமைப்பு 27 ஆய்வுகளை, ஏறத்தாழ 1,600 பேரின் முடிவுகளை, ஒன்றாக வைத்துப் பார்த்தது. ஈவ்னிங் பிரிம்ரோஸும் சரி, அதே அமிலம் உள்ள போரேஜ் எண்ணெயும் சரி, வாயால் எடுத்தவர்களுக்கு வெறும் கப்சூல் எடுத்தவர்களைவிடக் கூடுதல் குணம் கிடைக்கவில்லை.

அப்படியென்றால் சும்மா கொடுத்துப் பார்த்தால் என்ன? சிலருக்கு வயிற்றுக் குழப்பமும் தலையிடியும் வரும். வார்பரின் போல இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுக்கும் தாத்தா, அம்மம்மாவுக்கு இரத்தக்கசிவு கூடலாம். பிரசவம் லேசாகும் என்று கேள்விப்பட்டுக் கர்ப்பிணிகள் தாங்களாக எடுக்கவும் கூடாது. போத்தலில் என்.பி.என். என்று எட்டு இலக்க எண் இருந்தால் அது கனடாவில் விற்க அனுமதி பெற்றது என்று அர்த்தம். உங்கள் பிள்ளையின் எக்ஸிமாவுக்குச் சுகம் வரும் என்று அர்த்தமில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து, நான் செய்யப் பார்த்ததுதான்: இதை நம்பி உள்ள மருந்தை நிறுத்துவது.

எங்களுக்கு உதவியது மிகச் சாதாரணமான விஷயங்கள். இளஞ்சூட்டுத் தண்ணீரில் பத்து நிமிஷக் குளிப்பு. ஈரம் காய முதல் வாசனை இல்லாத களிம்பைத் தாராளமாகப் பூசுவது. சிவந்து வரும்போது மட்டும், டொக்டர் சொன்ன அளவில், சொன்ன நாளுக்கு ஸ்டீரொய்ட். கம்பளி உடுப்புக்குக் கீழே பருத்தி. புண்ணில் நீர் வடிந்தாலோ மஞ்சள் பொருக்குப் பிடித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ தாமதிக்காமல் டொக்டரிடம் போங்கள். சந்தேகம் என்றால் 811க்கு அழைத்தால் நேர்ஸோடு கதைக்கலாம்.

அம்மாவுக்கும் ஒரு வேலை கொடுத்தேன். இரவில் களிம்பு பூசிவிடுவது இப்ப அவதான். "கொஞ்சமாப் பூசினா காணாது" என்று எனக்கே சொல்லித் தருகிறா. போத்தல் இன்னும் திறக்காமல் அலுமாரியில் இருக்கிறது.