படியேறிய கண்டக்டரும் உட்கார்ந்திருந்த டிரைவரும்

உங்கள் வகுப்பின் கால அட்டவணையை ஒரு முறை பாருங்கள். வாரத்தில் ஓரிரு கட்டங்களில் 'விளையாட்டு' என்று எழுதியிருக்கும். போன மாதம் அந்தப் பீரியடுகளில் எத்தனை முறை மைதானத்தில் இருந்தீர்கள்? எத்தனை முறை கணக்கு ஆசிரியர் சாக்பீஸுடன் உள்ளே நுழைந்தார்? பரீட்சை நெருங்கினால் முதலில் பறிபோவது இந்தப் பீரியட்தான். பத்தாம் வகுப்பு என்றால் கேட்கவே வேண்டாம்.

"விளையாட்டுதானே, போனால் போகட்டும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டுமானால், நாம் லண்டன் நகரத்து மாடி பஸ் ஒன்றில் ஏற வேண்டும்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த சில ஆண்டுகளில் பிரிட்டனில் மாரடைப்பால் இறப்பவர்கள் அதிகமாகிக்கொண்டே வந்தார்கள். காரணம் யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர், ஒருவர் செய்யும் வேலைக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு இருக்குமோ என்று சந்தேகித்தார். அதைச் சோதிக்க அவருக்கு அருமையான ஜோடி ஒன்று கிடைத்தது. மாடி பஸ்ஸின் டிரைவரும் கண்டக்டரும்தான் அந்த ஜோடி!

யோசித்துப் பாருங்கள். இருவருக்கும் ஒரே நிறுவனம், ஒரே பஸ், ஒரே தெரு. டிரைவர் வேலை நேரத்தின் பெரும்பகுதியை உட்கார்ந்தே கழிக்கிறார். கண்டக்டரோ டிக்கெட் கொடுக்க மாடிக்கும் கீழுக்கும் ஏறி இறங்குகிறார். ஒரு நாளைக்கு அவர் ஏறிய படிகள் 500 முதல் 750 வரை!

35 வயது முதல் 64 வயது வரையுள்ள சுமார் 31,000 போக்குவரத்துத் தொழிலாளர்களின் நோய்க் குறிப்புகளை மாரிஸ் குழுவினர் திரட்டினார்கள். முடிவு 1953இல் வெளியாயிற்று. டிரைவர்களைவிடக் கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு. வந்தவர்களுக்கும் அது பிந்திய வயதில் வந்தது. உயிரைப் பறிப்பதும் குறைவாக இருந்தது.

இதோடு விஷயம் முடிந்துவிட்டதா? இல்லை. "முதலிலேயே குண்டாக இருந்தவர்கள்தான் டிரைவர் வேலைக்குப் போனார்களோ என்னவோ!" என்று நீங்கள் கேட்டால் அது நல்ல கேள்வி. மாரிஸ் குழுவினரும் அதைக் கேட்டுக்கொண்டார்கள். நிறுவனம் தைத்துக் கொடுத்த சீருடைக் கால்சட்டைகளின் இடுப்பளவுகளைத் தேடி எடுத்து ஒப்பிட்டார்கள். ஆம், டிரைவர்களின் இடுப்புதான் பெரிது. ஆனால் ஒல்லியான டிரைவர்களை ஒல்லியான கண்டக்டர்களுடனும், குண்டானவர்களைக் குண்டானவர்களுடனும் ஒப்பிட்டபோதும் கண்டக்டர்களே நல்ல நிலையில் இருந்தார்கள். நடந்தும் சைக்கிளிலும் கடிதம் கொடுத்த தபால்காரர்களை, மேஜையருகே உட்கார்ந்து வேலை பார்த்தவர்களுடன் ஒப்பிட்டபோதும் இதே கதைதான்.

(மாரிஸ் 2009இல், தம் 99ஆவது வயதில் காலமானார். இதை ஆதாரமாகக் காட்டிவிடாதீர்கள். ஒரே ஒருவரின் ஆயுளை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது!)

"எங்களுக்கு வயது பதின்மூன்று. மாரடைப்பைப் பற்றி இப்போது என்ன கவலை?" என்று கேட்கிறீர்களா? உங்கள் எலும்பைக் கவனிப்போம். எலும்பு செங்கல்லைப் போன்ற உயிரற்ற பொருள் அல்ல. அதற்குள் உயிருள்ள செல்கள் இருக்கின்றன. நீங்கள் குதிக்கும்போதும் ஓடும்போதும் எலும்பின் மேல் அழுத்தம் விழுகிறது. அந்த அழுத்தத்தை உணர்ந்து, 'இங்கே பலம் தேவை' என்று செல்கள் புதிய எலும்பைக் கட்டுகின்றன. சிறு வயதிலிருந்தே டென்னிஸ் ஆடுபவர்களுக்கு, மட்டையைப் பிடிக்கும் கையின் எலும்பு மற்றக் கையின் எலும்பைவிடப் பருமனாக இருக்கும். எடையற்ற நிலையில் மிதக்கும் விண்வெளி வீரர்களுக்கு நேர் எதிராக நடக்கிறது. அவர்களின் இடுப்பெலும்பு மாதத்துக்கு ஒரு சதவீதத்துக்கு மேலும் கரையக்கூடும். அதனால்தான் அவர்கள் விண்ணிலும் தினம் இரண்டு மணி நேரம் உடற்பயிற்சி செய்கிறார்கள்.

எலும்பு மிக வேகமாகச் சேர்வது வளரிளம் பருவத்தில்தான். முப்பது வயதுக்குப் பிறகு புதிதாகச் சேமிப்பது கடினம், இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம். சரியாக இந்தப் பருவத்தில்தான், "வயதுக்கு வந்த பெண்ணுக்கு என்ன ஓட்டமும் குதியும்?" என்று நம் வீடுகளில் பலர் சொல்கிறார்கள். வயதான காலத்தில் எலும்பு தேய்ந்து முறிவது ஆண்களைவிடப் பெண்களுக்குத்தான் அதிகம். அப்படியிருக்க, சேமிக்கும் வயதில் அவர்களையே உட்கார வைப்பது எவ்வளவு தலைகீழான நியாயம்!

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டுமல்ல. 146 நாடுகளின் பள்ளி மாணவர்களைப் பற்றிய தகவல்களை உலக சுகாதார நிறுவன ஆய்வாளர்கள் தொகுத்து 2019இல் வெளியிட்டார்கள். 2016ஆம் ஆண்டு நிலவரப்படி, 11 முதல் 17 வயதுவரை உள்ளவர்களில் 81 சதவீதத்தினருக்குப் போதிய உடலுழைப்பு இல்லை. மாணவர்களில் 78 சதவீதம். மாணவிகளில் 85 சதவீதம்.

போதிய உடலுழைப்பு என்றால் எவ்வளவு? சராசரியாக நாளொன்றுக்கு 60 நிமிடம். ஒரே மூச்சில் செய்ய வேண்டியதில்லை. பள்ளிக்கு வேகமாக நடப்பது பதினைந்து நிமிடம், இடைவேளையில் ஓடிப்பிடிப்பது பத்து நிமிடம், மாலையில் சைக்கிள் என்று சேர்த்துக்கொள்ளலாம். அளக்க ஓர் எளிய வழி உண்டு. பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது. அந்த அளவுக்காவது மூச்சு வாங்க வேண்டும். வாரத்தில் மூன்று நாளாவது இன்னும் கடுமையாக, குதித்தும் தாவியும் ஆட வேண்டும்.

இதற்குப் பணம் வேண்டுமா? கிளித்தட்டுக்குத் தரையில் கோடு போட்டால் போதும். கபடிக்கு அதுவும் அதிகம். பாண்டி ஆட ஓர் ஓட்டுச்சில், ஸ்கிப்பிங்குக்கு ஒரு பழைய கயிறு. நம்மிடம் குறைவாக இருப்பது சாமான்கள் அல்ல. எல்லாரையும் ஆட விடும் மனம்தான். நன்றாக ஆடும் பதினோரு பேர் கிரிக்கெட் ஆட, மற்றவர்கள் பந்து பொறுக்குவது விளையாட்டுப் பீரியட் ஆகாது. தாமதமாக வந்தவனை 'மைதானத்தை நாலு சுற்று ஓடு' என்று தண்டிப்பதும் எனக்குப் பிடிக்காத பழக்கம். ஓட்டத்தைத் தண்டனையாக்கினால் அதை யார் விரும்புவார்கள்?

சரி, பாடம் கெட்டுப்போகாதா? விளையாடினால் மதிப்பெண் கூடும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனால் விளையாட்டுக்கு நேரம் ஒதுக்கிய பள்ளிகளில் அதனால் மதிப்பெண் குறையவில்லை என்றே பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இதை உங்கள் கணக்கு ஆசிரியரிடம் பணிவாகச் சொல்லிப் பாருங்கள்.

இனி நீங்களே ஒரு சோதனை செய்யலாம். (இதய நோயோ ஆஸ்துமாவோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.) ஐந்து நிமிடம் அமைதியாக உட்காருங்கள். மணிக்கட்டில், கட்டைவிரலுக்குக் கீழே, மற்றக் கையின் இரு விரல்களை வைத்து நாடியை அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குங்கள். கட்டைவிரலால் எண்ண வேண்டாம். அதற்கே ஒரு துடிப்பு உண்டு, கணக்கு குழம்பும். பிறகு இரண்டு நிமிடம் கயிறு தாண்டுங்கள். நிறுத்திய உடனே எண்ணுங்கள். பழைய எண்ணிக்கைக்குத் திரும்ப எத்தனை நிமிடம் ஆகிறது என்று நிமிடத்துக்கு ஒரு முறை எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள்.

இதயமும் ஒரு தசைதான். பழகப் பழக ஒவ்வொரு துடிப்பிலும் அதிக இரத்தத்தைத் தள்ளும். அதனால் குறைந்த துடிப்பிலேயே வேலை முடியும். தினம் ஒரு மணி நேரம் ஆடி, எட்டு வாரம் கழித்து இதே சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். இரண்டு பட்டியல்களையும் வகுப்புச் சுவரில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டுங்கள். மாணவிகளின் பட்டியலையும் சேர்த்துத்தான்.