துட்டு போச்சு, கடைக்கு வரலை

நெல்லை டவுன் ரதவீதி அல்வாக் கடைகளில் சாயங்காலம் கூட்டம் ஏறும் நேரத்தில் இந்தப் பேச்சு காதில் விழும்.

"பேங்க்ல துட்டு எடுத்துட்டான், அண்ணாச்சி."

"ஸ்பீக்கர் பெட்டி சத்தம் குடுக்கலையே. எனக்கு எப்படித் தெரியும்?"

இரண்டு பேர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். யுபிஐ பணத்தை ஒரே கணினி நகர்த்துவதில்லை. உங்கள் செயலி, உங்கள் வங்கி, கடைக்காரரின் வங்கி, நடுவில் யுபிஐயை நடத்தும் என்பிசிஐ என ஒவ்வொன்றும் தனி நிறுவனத்தின் தனி மென்பொருள். ஒன்றின் பேரேட்டை மற்றொன்று எட்டிப் பார்க்க முடியாது, செய்தி அனுப்பித்தான் கேட்க வேண்டும். முதலில் உங்கள் கணக்கில் கழியும். பிறகு 'வரவு வை' என்று கடைக்காரரின் வங்கிக்குச் செய்தி போகும். அதற்குப் பதில் வராதபோதுதான் சிக்கல். உதாரணமாக, கன்னடியன் கால்வாயில் மடையைத் திறக்கச் சொல்லி ஆள் அனுப்புகிறோம், ஆள் திரும்பவில்லை. போய்ச் சேரவே இல்லையா, திறந்துவிட்டு வழியில் தங்கிவிட்டானா? இன்னோர் ஆளை அனுப்பினாலும் அதே சந்தேகம். நெட்வொர்க் எவ்வளவு வேகமானாலும் இதை அடியோடு ஒழிக்க முடியாது என்பது கணினி அறிவியலில் நிரூபணமான விஷயம். 'பெண்டிங்' என்று திரை காட்டுவது அதனால்தான்.

அப்படியானால் நஷ்டம் யாருக்கு? நிச்சயமாக உங்களுக்கு இல்லை. 2019 செப்டம்பர் 20 தேதியிட்ட ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கை கெடு வைத்திருக்கிறது. தனிநபருக்கு அனுப்பிய பணம் அவர் கணக்கில் சேராவிட்டால் மறுநாளுக்குள் திரும்ப வேண்டும். கடைக்குச் செலுத்தி உறுதியாகாத பணத்துக்கு 5 நாள். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. ஞாயிறும் விடுமுறையும் கணக்கில் சேரும். முக்கியமாக, நீங்கள் கேட்காமலே வங்கி அதை வரவு வைக்க வேண்டும். இது பலருக்குத் தெரியாது. வங்கிகளும் தண்டோரா போடுவதில்லை. பணம் திரும்பிய தேதியைப் பார்த்து, இழப்பீடு வராவிட்டால் எழுதிக் கேளுங்கள்.

நீங்களே எண்ணை மாற்றிப் போட்டு வேறொருவருக்கு அனுப்பிய பணம் இந்த இழப்பீட்டு விதியில் வராது.

கடையில் நிற்கும்போது அவசரப்பட்டு மறுபடி ஸ்கேன் செய்யாதீர்கள், இரண்டுமே போய்ச் சேர்ந்துவிடலாம். ரொக்கம் இருந்தால் கொடுத்துவிட்டு, 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கடைக்கார அண்ணாச்சிகளுக்கும் ஒன்று: ஸ்கிரீன்ஷாட்டை நம்பிப் பொட்டலம் கட்ட வேண்டாம், உங்கள் கணக்கைப் பாருங்கள்.

பெரிய ஆபத்து அதற்குப் பிறகுதான். கஸ்டமர் கேர் எண்ணை இணையத்தில் தேடுகிறோம். மோசடிக்காரன் விரித்த வலை அங்கேதான் இருக்கிறது. பணம் திரும்பி வர பின் நம்பர் தேவையே இல்லை, கேட்டால் போனை வையுங்கள். ஏமாந்துவிட்டால் உடனே 1930-ஐ அழையுங்கள்.

புகாரைச் செயலியிலும் வங்கியிலும் பதியுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றாலோ பதில் திருப்தி தராவிட்டாலோ ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணமில்லை, வக்கீலும் வேண்டாம். வழி கேட்க 14448-ஐ அழையுங்கள்.

இனி நம் சார்பில் தாமே பொருள் வாங்கிப் பணமும் கட்டும் ஏஐ முகவர்கள் வரப்போகின்றன. 2025 அக்டோபரில் அதற்கான சோதனை முயற்சியும் அறிவிக்கப்பட்டது. செய்தி அனுப்பி ஒத்துப்போக வேண்டிய மென்பொருள்களோடு இன்னொன்றும் கூடுகிறது. இப்போதே, நீங்கள் முன்பு கொடுத்த அனுமதியை வைத்து ஆட்டோபே ஒவ்வொரு முறையும் கேட்காமல் பணம் எடுக்கிறது. பெரும்பாலானவற்றுக்கு 24 மணி நேரம் முன்பே அறிவிப்பு வர வேண்டும், ரத்து செய்யும் உரிமையும் உண்டு. பழைய அனுமதிகள் எத்தனை இன்னும் உயிரோடு இருக்கின்றன என்று செயலியின் ஆட்டோபே பகுதியைத் திறந்து இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.