நூல்நிலையமும் உலக சரித்திரமும்

கல்லூரி நூல்நிலைய அலுமாரிகளைத் துருவி நோக்கும் மாணவன், பரீட்சைப் பாடத்திட்டம் காட்டாத பரந்த உலகினைக் காண்கின்றான். எச். ஜி. வெல்ஸ் 1920ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்ட உலக சரித்திரம் பூமியின் தோற்றத்திலிருந்து தொடங்குகின்றது. ஜவகர்லால் நேரு 1930 முதல் 1933 வரை, பெரும்பாலும் சிறையிலிருந்து, தம் மகளுக்கு வரைந்த சரித்திரக் கடிதங்கள் 1934இல் நூலுருப் பெற்றன. அசோகனை வெல்ஸ் போற்றிய பகுதியை நேருவும் எடுத்தாண்டார். எனினும், ஏகாதிபத்தியத்தை அடிமைப்பட்ட நாட்டவரின் கண்கொண்டே நோக்கினார். டொயின்பியோ 1934 முதல் 1961 வரை வெளிவந்த 12 தொகுதிகளில், நாடுகளை விடுத்து நாகரிகங்களையே ஆராய்ந்தார். ஆதலின், ஒரு நூலையே கற்பவன் அதன் ஆசிரியரின் நோக்கினையே சரித்திரமெனக் கொள்வான். பலவற்றை ஒப்புநோக்குபவனே, கூறப்பட்டது யாது, கூறியவர் யாவர், எங்கிருந்து கூறினார் எனப் பகுத்துணரும் ஆற்றல் பெறுவான். அவ்வாற்றலைப் பரீட்சைக் குறிப்புகள் அளிக்கமாட்டா.