இருமாதவருக்கும் காசநோய் இருக்கலாம்

சென்னைக் கடற்கரையிலிருந்து வரும் மின்சார ரயில் குரோம்பேட்டையைத் தாண்டியதும் நிற்கும் நிலையம் தாம்பரம் சானடோரியம். ஒரு மருத்துவமனையால் பெயர் பெற்ற நிலையம் இது. 1928இல் டாக்டர் சௌரி முத்து, காசநோயாளிகளுக்கென்று பச்சைமலைப் பக்கம் இந்தச் சானடோரியத்தைத் தொடங்கினார். அப்போது காசநோய்க்கு மருந்தே கிடையாது. நல்ல காற்று, நல்ல சாப்பாடு, ஓய்வு ஆகிய மூன்றும்தான் சிகிச்சை. 1937இல் அரசு ஏற்றுக்கொண்ட அந்த இடம் இன்று அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையாக இயங்குகிறது.

பிறகு மாத்திரைகள் வந்தன. சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கப்பட்ட காசநோய் ஆய்வு மையம், வீட்டிலிருந்தபடியே மாத்திரை சாப்பிட்டவர்களும் சானடோரியத்தில் சேர்ந்து சிகிச்சை பெற்றவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமாவதை 1959இல் உலகுக்குக் காட்டியது. சிகிச்சை வீடு தேடி வந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. நோயைக் கண்டறியும் பரிசோதனையும் அதேபோல் தெருவுக்கு வந்தாக வேண்டும்.

இருமலை மட்டும் நம்பினால்

'இரண்டு வாரத்துக்கு மேல் இருமலா? உடனே சளிப் பரிசோதனை செய்யுங்கள்.' இந்த வாசகத்தைச் சுவர்களிலும் பேருந்துகளிலும் பார்த்தே நாம் வளர்ந்தோம். சரியான அறிவுரைதான். ஆனால் அது மட்டும் போதாது.

2019 முதல் 2021 வரை நாடு முழுவதும் தேசியக் காசநோய்க் கணக்கெடுப்பு நடந்தது. சேத்துப்பட்டு மையத்தின் இன்றைய வடிவமான தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அதில் முக்கியப் பங்கு உண்டு. 15 வயதுக்கு மேற்பட்ட 3 லட்சத்துக்கும் அதிகமானோரிடம் அறிகுறிகளைக் கேட்டார்கள்; மார்பு எக்ஸ்ரேயும் எடுத்தார்கள். கண்டறியப்பட்ட நோயாளிகளில் 42.6 சதவீதத்தினர் எக்ஸ்ரே இல்லாமல் போயிருந்தால் தவறவிடப்பட்டிருப்பார்கள். அதாவது, கேள்வி கேட்டபோது அவர்கள் சொல்லும்படியான அறிகுறி எதுவும் இருக்கவில்லை. அறிகுறி இருந்தவர்களிலும் சுமார் 64 சதவீதத்தினர் எந்த மருத்துவரிடமும் போகவில்லை. 'சிகரெட் இருமல்', 'தூசி ஒத்துக்கொள்ளவில்லை', 'வேலையை விட்டுவிட்டுப் போக முடியாது' என்று நாள் கடத்தியவர்கள் அவர்களில் எத்தனையோ பேர் இருப்பார்கள்.

நோயாளி தானாக மருத்துவமனைக்கு வரட்டும் என்று காத்திருந்தால் இந்த இரு பிரிவினரும் நம் கைக்கு எட்டமாட்டார்கள். அதுவரை அவர்கள் வீட்டிலும் பட்டறையிலும் கிருமி பரவிக்கொண்டே இருக்கும்.

மூன்று படிகள்

ஆகவேதான் மக்கள் இருக்கும் இடத்துக்கே போய்ப் பரிசோதனை முகாம் நடத்துகிறார்கள். அங்கே நடக்கும் சோதனைக்கு மூன்று படிகள் உண்டு.

முதலாவது, கேள்விகள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலை நேரக் காய்ச்சல், காரணமில்லாத எடைக் குறைவு, இரவில் உடல் நனைய வியர்ப்பது ஆகியவை முக்கியமான நான்கு. சளியில் ரத்தம், நெஞ்சு வலி, கழுத்தில் கட்டி இருந்தாலும் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, மார்பு எக்ஸ்ரே. இன்று இதற்குப் பெரிய இயந்திரம் தேவையில்லை. கையில் தூக்கிச் செல்லும் கருவிகளும் எக்ஸ்ரே வண்டிகளும் தெருமுனைக்கே வருகின்றன. படத்தைக் கணினி மென்பொருள் சில நிமிடங்களில் படித்து, சந்தேக நிழல் உள்ளவர்களைப் பிரித்துக் காட்டிவிடும். 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இந்த முறையைப் பயன்படுத்தலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்தது. கதிர்வீச்சை நினைத்துப் பயப்பட வேண்டாம். ஒரு மார்பு எக்ஸ்ரேயில் கிடைக்கும் அளவு, இயற்கையில் சில நாட்களில் நாம் பெறும் அளவுதான். கர்ப்பிணிகள் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

மூன்றாவது, சளிப் பரிசோதனை. எக்ஸ்ரே நிழலைத்தான் காட்டும். அது பழைய தழும்பாகவோ நிமோனியாவாகவோ இருக்கலாம். காசநோய்தானா என்பதைச் சளிதான் உறுதி செய்யும். நுண்ணோக்கியில் தெரிய வேண்டுமானால் ஒரு மில்லி லிட்டர் சளியில் ஆயிரக்கணக்கில் கிருமிகள் இருக்க வேண்டும். சிபிநாட், ட்ரூநாட் போன்ற மரபணுப் பரிசோதனைகளுக்கு அதைவிட மிகக் குறைவான கிருமிகளே போதும். ஓரிரு மணி நேரத்தில் முடிவு வந்துவிடும். ரிஃபாம்பிசின் மருந்து வேலை செய்யுமா என்பதும் தெரிந்துவிடும்.

எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் பரிசோதனை வீண். காலையில் எழுந்ததும் வாய் கொப்பளித்து, மூச்சை ஆழமாக இழுத்து, நெஞ்சிலிருந்து காறி எடுத்த சளியைக் கொடுக்க வேண்டும். காற்றோட்டமான இடத்தில், மற்றவர்களிடமிருந்து தள்ளி நின்று எடுப்பது நல்லது.

எல்லோருக்குமா, சிலருக்கா?

தேசியக் கணக்கெடுப்பின்படி வயது வந்தோரில் லட்சத்துக்கு 316 பேருக்கு நுரையீரல் காசநோய் இருந்தது. 1,000 பேரைச் சோதித்தால் ஏறக்குறைய 3 பேர். நோயில்லாதவர்களில் பத்தில் ஒருவரைத் தவறாகச் சந்தேகிக்கும் ஒரு சோதனையை அந்த 1,000 பேருக்கும் செய்தால், 3 பேரைப் பிடிக்க நூறு பேரைக் கலங்கடிப்போம். ஆகவேதான் முதல் சோதனையோடு நிறுத்தாமல் சளியில் உறுதி செய்கிறார்கள். ஆபத்து அதிகமுள்ளவர்களிடம் முதலில் போகிறார்கள்.

எல்லோரையும் சோதிப்பதற்கும் பலன் உண்டு. வியட்நாமின் கா மாவ் மாகாணத்தில், அறிகுறி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வயது வந்தோர் எல்லோருக்கும் ஆண்டுக்கொரு முறை மூன்றாண்டுகள் மரபணுச் சளிப் பரிசோதனை செய்தார்கள். அப்படிச் செய்யாத பகுதிகளைவிட அங்கே காசநோய் 44 சதவீதம் குறைந்திருந்தது. 2019இல் வெளியான இந்த முடிவிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளக்கூடிய பாடம் இது: ஒரு முகாமோடு நிறுத்தினால் போதாது, ஆண்டுதோறும் திரும்பிப் போக வேண்டும்.

நம் தென்சென்னைப் புறநகரில் எங்கே தொடங்குவது? பல்லாவரம், திரிசூலம், பம்மல் பக்கம் கல் குவாரிகளில் உழைத்தவர்களின் நுரையீரலில் படியும் கல்தூசி காசநோய்க்கு வழி திறந்துவிடும். கட்டுமானத் தொழிலாளர்கள் ஒரே அறையில் நெருக்கிப் படுக்கிறார்கள். பகலில் வேலைக்குப் போகும் இவர்களைப் பகல் நேர முகாமில் பார்க்கவே முடியாது; மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் வண்டி போக வேண்டும். சர்க்கரை நோயாளிகள், எச்ஐவி உள்ளவர்கள், 60 வயதைத் தாண்டியவர்கள், புகை, மதுப் பழக்கம் உள்ளவர்கள், மெலிந்தவர்கள், முன்பே காசநோய் வந்து குணமானவர்கள் ஆகியோரும் முதல் வரிசையில் இருக்க வேண்டும்.

வீட்டில் ஒருவருக்கு வந்தால்

மிக நெருங்கிய ஆபத்து வீட்டாருக்குத்தான். ஒருவருக்கு நோய் உறுதியானதும் உடன் வசிக்கும் எல்லோரையும் சோதிக்க வேண்டும். சிறு குழந்தைகளால் சளியைக் காறித் தர முடியாது. அவர்களை அவசியம் மருத்துவரிடம் காட்ட வேண்டும். நோய் இல்லை என்று தெரிந்தவர்களுக்கு, பின்னாளில் நோய் வராமல் தடுக்கும் மாத்திரைகள் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கின்றன.

சாப்பாடும் மருந்துதான். ஜார்க்கண்டில் நடந்த ஆய்வொன்றில், நோயாளிகளின் குடும்பத்தாருக்குக் கூடுதல் உணவுப்பொருள் கொடுத்தபோது அவர்களிடையே புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. சிகிச்சை பெறுவோருக்கு நிக்ஷய் போஷண் திட்டத்தில் அரசு வழங்கும் உதவித்தொகை 2024 நவம்பர் முதல் மாதம் 1,000 ரூபாய். அது நோயாளியின் உரிமை, கேட்டுப் பெறுங்கள்.

கண்டுபிடித்தால் மட்டும் போதாது

நிழல் தெரிந்தவர் சளி கொடுக்காமல் போனாலும், சளியில் கிருமி தெரிந்தவர் மாத்திரையைத் தொடங்காமல் போனாலும் அந்த முகாமே வீண். தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம் இதில் ஒரு படி மேலே போகிறது. நோய் தெரிந்தவுடனே ஒருவர் மிகவும் மெலிந்திருக்கிறாரா, மூச்சு வாங்குகிறாரா, துணையில்லாமல் நிற்க முடிகிறதா என்று பார்த்து, நிலை மோசமாக இருப்பவர்களை உடனே மருத்துவமனையில் சேர்க்கிறார்கள்.

வழக்கமான காசநோய்க்கு ஆறு மாத மாத்திரை. முறையாகச் சாப்பிடத் தொடங்கினால் மற்றவர்களுக்குப் பரப்பும் ஆபத்து விரைவில் குறைந்துவிடும். ஆகவே நோயாளிக்குத் தனித் தட்டு, தனித் தம்ளர் என்று ஒதுக்கி வைப்பதில் நியாயமில்லை. காசநோய் காற்றில் பரவுகிறது, பாத்திரத்தில் பரவுவதில்லை. ஜன்னலைத் திறந்து வையுங்கள். வேலையிலிருந்து அனுப்பிவிடுவார்களோ, பெண்ணுக்கு வரன் தட்டிப்போகுமோ என்ற பயம்தான் பலரை எக்ஸ்ரே வண்டியைக் கண்டதும் விலகிப் போக வைக்கிறது. அந்தப் பயத்தைப் போக்குவது அக்கம்பக்கத்தாரான நம் பொறுப்பு.

நீங்கள் செய்ய வேண்டியவை

• முகாம் வந்தால், இருமல் இல்லாவிட்டாலும் எக்ஸ்ரே எடுத்துக்கொள்ளுங்கள்.

• அறிகுறி இருந்தால் முகாமுக்குக் காத்திருக்காமல் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ தாம்பரம் சானடோரியம் மருத்துவமனைக்கோ செல்லுங்கள். பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

• எக்ஸ்ரே நன்றாக இருந்தாலும் பிறகு அறிகுறி வந்தால் மீண்டும் போங்கள். கழுத்துக் கட்டி, முதுகெலும்பு வலி போன்ற நுரையீரலுக்கு வெளியே வரும் காசநோய் மார்புப் படத்தில் தெரியாமல் போகலாம்.

• சந்தேகங்களுக்கு 1800-11-6666 என்ற கட்டணமில்லா எண்ணில் கேளுங்கள்.

• குடியிருப்போர் நலச் சங்கங்களும் தொழிற்கூட நிர்வாகங்களும் ஆண்டுக்கொரு முறை காசநோய்ப் பரிசோதனை முகாம் கேட்டு மாநகராட்சிச் சுகாதாரப் பிரிவை அணுகலாம். வருவோருக்கு அன்றைய சம்பளத்தைப் பிடிக்காமல் இருந்தால் இன்னும் பலர் வரக்கூடும்.