நாலு நாடு, ஒரு அழைப்பு: குடும்பத்தோடு ஒன்லைனில் சேர்ந்து வேலை செய்யத் தொடங்குவது எப்படி?

இந்த வார எபிசோடில் வீடியோ கூட்டங்கள் பற்றிக் கதைத்தோம். கேட்க நேரம் கிடைக்காத ஆக்களுக்கும், கேட்டுவிட்டு "சரி, எங்கே தொடங்குறது?" என்று யோசிக்கிற ஆக்களுக்கும் இந்த மடல்.

எங்கட வீடுகளுக்குள் சூம் எப்படி வந்தது என்று ஞாபகம் இருக்கா? 2020 மார்ச் 19 இரவு நியூசிலாந்து எல்லையை மூடியது. 25ஆம் திகதி இரவு நாடே நான்காம் நிலை முடக்கத்துக்குப் போனது. அந்த நிலையில் இறுதிச்சடங்கே நடத்த ஏலாது. மூன்றாம் நிலையில் பத்துப் பேர்தான். 2021 ஆகஸ்டில் திரும்பவும் பூட்டினபோது ஒக்லாந்து 107 நாள் கட்டுப்பாட்டுக்குள் இருந்தது. அந்தக் காலத்தில் ஊரில் ஒரு செத்தவீடு என்றால், பல அம்மா அப்பாக்களுக்குக் கடைசியாக முகம் பார்க்கக் கிடைத்தது ஒரு போன் திரை மட்டும்தான். லிங்க் அனுப்பி, "மாமா, மியூட்டை எடுங்கோ" என்று கத்தினது பெரும்பாலும் நாங்கள்தான்.

அவசரத்தில் பழகினதை இப்போ ஆறுதலாகச் சரியாகச் செய்யலாம். மூன்று விஷயம் போதும்.

1. கருவியை மற்றப் பக்கத்தில் இருக்கிறவரைப் பார்த்துத் தெரிவு செய்யுங்கோ

உங்களுக்கு எது பிடிக்கும் என்பது முக்கியமில்லை. யாழ்ப்பாணத்தில் அம்மம்மாவின் போனில் என்ன இருக்கு? அனேகமாக வட்ஸ்அப். அதிலேயே 32 பேர் வரை வீடியோவில் சேரலாம். 2023இலிருந்து திரையையும் பகிரலாம், ஆகவே பழைய படங்களைக் காட்டிக் கதைக்கலாம். அதற்கு மேல் ஆக்கள் என்றால் சூம்: இலவசக் கணக்கில் 100 பேர், 40 நிமிடம். கூகுள் மீட்டில் மூன்று பேர் அல்லது அதற்கு மேல் என்றால் இலவசமாக 60 நிமிடம். எங்கட ஆக்களுக்கு "சரி, வைக்கிறன்" சொல்லவே இருபது நிமிடம் வேணும், அதையும் கணக்கில் எடுங்கோ.

சூம் என்றால் கடவுச்சொல்லும் காத்திருப்பு அறையும் போடுங்கோ. லிங்கைப் பேஸ்புக்கில் எல்லாரும் பார்க்கப் போடாதீங்கோ.

2. நேரம்

இலங்கையும் இந்தியாவும் கடிகாரத்தை மாற்றுறதில்லை, நாங்கள் மாற்றுறம். செப்டெம்பர் கடைசி ஞாயிறு முன்னுக்கு, ஏப்ரல் முதல் ஞாயிறு பின்னுக்கு. அதனால் யாழ்ப்பாணத்தோடு வித்தியாசம் எங்கட குளிர்காலத்தில் ஆறரை மணி, கோடையில் ஏழரை மணி. லண்டனும் ரொறன்ரோவும் வேறு திகதிகளில் மாற்றுது. போன மாதம் சரியாக இருந்த நேரம் இந்த மாதம் பிழைக்கிறது இதனால்தான்.

ஜனவரியில் இங்கே இரவு 11 மணி என்றால் யாழ்ப்பாணத்தில் பின்னேரம் 3.30, லண்டனில் காலை 10, ரொறன்ரோவில் விடிய 5. நாலு இடத்துக்கும் வசதியான நேரம் என்று ஒன்று கிடையாது. யாரோ ஒருவர் நித்திரை முழிக்கத்தான் வேணும், அதை முறை வைத்துச் செய்யுங்கோ. வாயால் நேரம் சொல்லாமல் கலண்டர் அழைப்பு அனுப்பினால் ஒவ்வொருவர் போனிலும் அவரவர் நேரம் தானாக வரும்.

3. கதைக்கிறதை எழுதி வையுங்கோ

இதுதான் எனக்கு முக்கியமாகப் படுறது. "சாப்பிட்டியா? குளிரா?" என்பதோடு முடிகிற அழைப்பால் ஒன்றும் மிஞ்சாது. ஒரு கூகுள் டொக்ஸ் கோப்பு திறந்து, அதில் குடும்ப மரம், ஊர்ப் பெயர்கள், சமையல் குறிப்புகள் என்று மூன்று தலைப்புப் போடுங்கோ. ஒருவர் கேள்வி கேட்க, லண்டன் மச்சாள் எழுதட்டும், ரொறன்ரோ அண்ணா திருத்தட்டும். ஒரே நேரத்தில் ஒரே பக்கத்தில் எல்லாரும் வேலை செய்யலாம். யாராவது தவறி அழித்தாலும் பழைய பதிப்பை மீட்கலாம்.

தமிழ் எழுத வராதா? ஜீபோர்ட் விசைப்பலகையில் ஆங்கில எழுத்தில் தட்டினால் தமிழில் வரும், வாயால் சொன்னாலும் எழுதும். ஊர்ப்பேச்சில் சொன்னால் சிலவேளை சிரிப்பான சொல் விழும். பரவாயில்லை, பெரியம்மா திருத்துவா.

பதிவு செய்யிறதென்றால் முதலில் கேளுங்கோ. சூம் இலவசக் கணக்கில் கணினியிலிருந்து பதியலாம், போனிலிருந்து ஏலாது. சிலருக்கு இடம்பெயர்ந்த காலத்தைப் பற்றிச் சொல்ல மனமிருக்கும், பதிய மனமிருக்காது. அப்படியென்றால் பட்டனை அமத்தாமல் கேட்டுக்கொண்டிருங்கோ.

போனுக்கு பேக்கப் இருக்கு, படங்களுக்கும் இருக்கு. அம்மம்மாவின் ஞாபகத்துக்கு இல்லை. இந்த ஞாயிறு 40 நிமிடம், ஒரே ஒரு கேள்வி: "உங்கட அம்மாவின் பெயர் என்ன, அவ எந்த ஊர்?" பதிலைக் கோப்பில் முதல் வரியாகப் போடுங்கோ.

அடுத்த எபிசோடில் சந்திப்பம்!