உறைந்த ஏரிகளும் உறங்காத சாரதிகளும்: கனடிய வடபுல லொறித் தொழில் பற்றிய ஒரு நோக்கு

உறக்கம் தனிமனிதரின் அந்தரங்க விடயம் என்றே பொதுவாகக் கருதப்படுகின்றது. துயில் கொள்ள இயலாதவருக்குக் கோப்பியைக் குறைக்குமாறும் அறையை இருட்டாக்குமாறும் அறிவுரை கூறப்படுகின்றது. எனினும், ஒரே தொழிலைச் செய்வோர் பலர் ஒரே விதமாக உறக்கத்தை இழப்பாராயின், அதற்கான காரணத்தை அத்தொழிலின் அமைப்பிலேயே தேடவேண்டும். கனடாவின் வடபுலத்தில் நெடுந்தூரம் சென்று மீளும் லொறிச் சாரதிகளின் நிலையைக் கொண்டு இதனை விளக்க இக்கட்டுரை முயல்கின்றது.

வடமேற்குப் பிரதேசத்தின் தலைநகரான யெலோநைவுக்கு அண்மையில் தொடங்கும் திபிற்–கொன்ற்வோய்ற்றோ குளிர்காலப் பாதை, 1982இல் லூப்பின் தங்கச் சுரங்கத்தின் தேவைக்காக அமைக்கப்பட்டது. பின்னர் எக்காற்றி, டயவிக் முதலிய வைரச் சுரங்கங்களும் இதனையே நம்பி இயங்கின. பாதையின் பெரும்பகுதி உறைந்த ஏரிகளின் மீதே செல்கின்றது. பெப்ரவரி தொடக்கம் ஏறத்தாழ எட்டு வாரங்களே அது திறந்திருக்கும். ஓராண்டுக்கு வேண்டிய எரிபொருளும் சீமெந்தும் இயந்திரங்களும் அதற்குள் போய்ச் சேரவேண்டும். 2006இல் பனிக்கட்டி போதிய தடிப்பு அடையாமையால் பாதை முன்கூட்டியே மூடப்பட்டது. எஞ்சிய பொருள்கள் பெருஞ்செலவில் விமானங்கள் மூலம் கொண்டுசெல்லப்பட்டன. அடுத்த ஆண்டிலே ஏறத்தாழ 11,000 சுமைகள் வடக்கே சென்றன. இரவு பகல் என்ற வேறுபாடு இங்கு இல்லாமற் போவதன் காரணம் இதுவே.

பனிக்கட்டியின் மீது பாரவண்டி செல்லும்போது அதன் கீழுள்ள நீரில் அலை எழுகின்றது. வேகம் மிகுமாயின் அவ்வலை கரையில் மோதித் திரும்பிப் பனிக்கட்டியைப் பிளக்கக்கூடும். ஆதலால் சுமையேற்றிய வண்டிகளின் வேகம் மணிக்கு 25 கிலோமீற்றராக மட்டுப்படுத்தப்பட்டுள்ளது. அவ்வேகத்தில் 300 கிலோமீற்றர் செல்வதற்கு 12 மணித்தியாலங்கள் வேண்டும். அத்தனை நேரமும் வெண்மையன்றி வேறெதுவும் கண்ணிற் படாது. செவி மட்டும் பனிக்கட்டி வெடிக்கும் ஓசையைக் கவனித்தபடியிருக்கும். சலிப்பும் அச்சமும் ஒருங்கே நிலவும் வேலை இது.

இத்தகைய பயணத்தின் முடிவிற் களைத்த உடல் உடனே உறங்கிவிடும் என எண்ணத் தோன்றும். ஆனால் உறக்கத்தை இரு விசைகள் ஆளுகின்றன. விழித்திருக்கும் நேரம் நீள நீள மூளையில் அடினோசின் என்னும் பொருள் சேர்ந்து உறக்கத்தைத் தூண்டுகின்றது. மற்றையது ஒளியினால் நெறிப்படுத்தப்படும் உடற்கடிகாரம். இருளிலே மெலற்றோனின் சுரக்க, உடல் துயிலுக்கு ஆயத்தமாகின்றது. சாரதி அருந்தும் கோப்பி அடினோசினின் செயலைத் தடுக்கின்றது. அருந்திய கபேனின் பாதியளவு ஐந்து மணித்தியாலத்தின் பின்னரும் உடலில் எஞ்சியிருக்கும். இரவு முழுவதும் ஓட்டி வந்தவரை, வெண்பனியிற் பட்டுத் தெறிக்கும் காலை வெயில் எதிர்கொள்கின்றது. மேலும், பாதை திறந்திருக்கும் காலத்தில் பகற்பொழுது நாளொன்றுக்கு ஏறத்தாழ ஆறு நிமிடம் நீள்கின்றது. ஆபத்தை எதிர்பார்த்து விழிப்புற்ற நரம்புகளும் எளிதில் அடங்குவதில்லை. களைப்பு உண்டு; உறக்கம் இல்லை.

ஐக்கிய அமெரிக்காவிலும் கனடாவிலும் 80 நெடுந்தூரச் சாரதிகளிடையே நடத்தப்பெற்று 1997இல் வெளியான ஆய்வொன்று இங்கு கருதத்தக்கது. வடபுலத்துக்கு வெளியே நிகழ்ந்ததாயினும், அதன் முடிவு பொதுவானது. அவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 5.18 மணித்தியாலம் படுக்கையிற் கழித்தனர்; உறங்கியதோ 4.78 மணித்தியாலமே. தமக்கு வேண்டியதென அவர்களே கூறிய அளவு ஏறத்தாழ 7 மணித்தியாலம். படுத்த நேரத்திற் பெரும்பகுதி அவர்கள் உறங்கினர். படுப்பதற்கே அவர்களுக்கு நேரம் போதவில்லை என்பது இதனாற் பெறப்படும்.

இனிச் சட்டத்தை நோக்குவோம். கனடாவின் கூட்டாட்சி விதிகளின்படி, 60 பாகை அகலக்கோட்டுக்குத் தெற்கே சாரதியொருவர் 13 மணித்தியாலம் வண்டியோட்டலாம். மொத்தக் கடமை நேரம் 14 மணித்தியாலம். அக்கோட்டுக்கு வடக்கே இவை முறையே 15 ஆகவும் 18 ஆகவும் உயர்கின்றன. தூரம் மிகுதி, தங்குமிடம் அரிது என்பன இதற்குக் கூறத்தக்க நியாயங்கள். அவை முற்றிலும் பொய்யல்ல. ஆயினும், 17 மணித்தியாலம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயற்றிறன், குருதியில் 0.05 வீத மதுசாரம் உள்ளவரின் செயற்றிறனை ஒத்தது என அவுஸ்திரேலிய ஆய்வாளர் 1997இலேயே காட்டியுள்ளனர். இயற்கை உறக்கத்தை அரிதாக்கும் நிலப்பரப்பிலேயே சட்டம் வேலைநேரத்தை நீட்டுகின்றது.

கூலிமுறையும் இதற்குத் துணைபோகின்றது. சாரதிகள் பலர் ஓடிய தூரத்துக்கு அல்லது முடித்த பயணத்துக்கே கூலி பெறுகின்றனர். ஆண்டு வருவாயின் கணிசமான பகுதியை எட்டு வாரங்களில் ஈட்டவேண்டியவருக்கு, உறங்கும் ஒவ்வொரு மணித்தியாலமும் இழந்த கூலியாகவே தோன்றும். இந்நிலையில் ஓய்வெடுக்கும் சுதந்திரம் ஏட்டளவினதாகவே அமையும்.

இது புதியதொரு நிலைமையன்று. 1867இல் வெளிவந்த ‘மூலதனம்’ முதலாம் தொகுதியில், வேலைநாள் பற்றிய இயலிலே, உயிர்கள் பலியான புகையிரத விபத்தொன்றின் பின்னர் விசாரணைக்கு நிறுத்தப்பட்ட ஊழியர்களை மார்க்ஸ் குறிப்பிடுகின்றார். முன்னர் எட்டு மணித்தியாலமாக இருந்த தம் வேலை 14, 18, 20 மணித்தியாலமாக வளர்ந்ததே தவறுக்குக் காரணம் என்பது அவர்களது வாக்குமூலம். அன்று விபத்தின் சான்றாகக் கூறப்பட்ட 18 மணித்தியாலம், இன்று வடபுலத்தில் விதியின் எல்லையாக நிற்கின்றது.

எனவே, இருண்ட அறையும் குறைந்த கோப்பியும் பயனுடையனவாயினும் போதியனவல்ல. காத்திருக்கும் நேரத்துக்கும் ஓய்வு நேரத்துக்கும் ஊதியம், குறுகிய கடமை நேரம், பாதை வழியே தகுந்த துயிலிடங்கள் ஆகியன கிடைக்கும்போதே சாரதியின் உறக்கம் அவருக்கு உரியதாகும். வைத்தியரிடம் மட்டும் கேட்கப்பட்டுவரும் இவ்வினா, சுரங்க உரிமையாளரிடமும் சட்டம் இயற்றுவோரிடமும் கேட்கப்பட வேண்டியதாகும்.