சயாம் மரண இரயில் பாதையிலிருந்து மீண்டோரின் குடும்ப நினைவேடுகள்: பாதுகாப்பும் பதிப்பு நெறியும்

ஆய்வுச்சுருக்கம்

இரண்டாம் உலகப்போரின்போது சயாம்–பர்மா இரயில் பாதைப் பணிக்குக் கொண்டுசெல்லப்பட்டு மீண்ட தமிழ்த் தொழிலாளர்கள் எழுதிய, அல்லது சொல்லி எழுதுவித்த நினைவேடுகள் அவர்தம் வழித்தோன்றல்களின் வீடுகளில் கிடைக்கும்போது அவற்றை எவ்வாறு காப்பது, எவ்வாறு பதிப்பது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. ஐரோப்பிய யூதப் பேரழிப்பிலிருந்து தப்பியோரின் ஏடுகள் கையாளப்பட்ட முறையும் தமிழ்ச் சுவடிப் பதிப்பு மரபும் ஒப்புநோக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: சயாம் மரண இரயில், நினைவேடு, சான்றுரை, பதிப்பு நெறி, பெயர்ப்பட்டியல், பங்கு ஆலயப் பதிவேடு.

முன்னுரை

தாய்லாந்தின் பான்போங் பகுதியையும் பர்மாவின் தான்பியூசயாத்தையும் இணைத்த 415 கிலோமீட்டர் இரயில் பாதையை ஜப்பானியப் படையினர் 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தனர். இப்பணியில் ஈடுபடுத்தப்பட்ட நேச நாட்டுப் போர்க்கைதிகள் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர். அவர்களுள் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஆசியத் தொழிலாளர்களின் தொகை இதைப்போல் மும்மடங்கு எனலாம். மலாயாத் தோட்டங்களிலிருந்து மட்டும் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அனுப்பப்பட்டனர். அவர்களுள் பெரும்பான்மையோர் தமிழர். ஆசியத் தொழிலாளர்களுள் இறந்தோர் எத்தனை பேர் என்பதற்கு மதிப்பீடுகள் உண்டு, கணக்கு இல்லை.

காஞ்சனபுரியிலுள்ள போர்க் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ ஏழாயிரம் போர்வீரர்கள் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். அவர்களுக்குப் படைப்பிரிவும் அதிகாரியும் பெயர்ப்பட்டியலும் இருந்தன. முகாம்களில் ஒளித்து எழுதப்பட்ட நாட்குறிப்புகள் போருக்குப்பின் அருங்காட்சியகங்களைச் சேர்ந்தன. தோட்டத் தொழிலாளிக்கு இவற்றுள் எதுவும் இல்லை. இறந்தவர் பெயரை அறிந்திருந்தவர் உடன் சென்று உயிர்தப்பிய ஊர்க்காரரோ உறவினரோ மட்டுமே. எனவே மீண்டுவந்த ஒருவரின் நோட்டுப் புத்தகத்தில் ‘எங்கள் லயத்தில் போனவர்கள்’ என்று பத்துப் பெயர்கள் இருக்குமாயின், அப்பத்துப் பேரின் இறப்புக்கு உலகில் வேறு பதிவு இல்லாமற் போகலாம். நினைவேட்டின் சொல்லையும் எழுத்தையும் மாற்றாமல் காக்கவேண்டும் என்னும் கோரிக்கை இங்கிருந்தே எழுகிறது.

எழுதியவர் யார், எழுதாதவர் யார்

போர்க்கால இடப்பெயர்வைத் தமிழில் தன்வரலாறாக எழுதியவர்களுள் வெ. சாமிநாத சர்மா முதன்மையானவர். இரங்கூனில் ‘ஜோதி’ இதழை நடத்திவந்த அவர், 1942இல் பர்மாவை நீங்கி நடந்துவந்த அனுபவத்தை ‘எனது பர்மா வழிநடைப் பயணம்’ என்னும் நூலாக்கினார். அவருக்கு எழுத்து தொழில். பதிப்பாளரும் வாசகரும் முன்பே இருந்தனர். சயாமுக்குச் சென்ற பால்மரம் வெட்டும் தொழிலாளிக்கு எழுத்துப் பயிற்சியே பெரும்பாலும் வாய்க்கவில்லை. ஆகவே சயாம் அனுபவம் தமிழிலக்கியத்தில் முதன்மையாகப் புதினமாகவே நிலைபெற்றது. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச்சின்னம்’ ஆகியன இவ்வகையில் குறிப்பிடத்தக்கவை. மீண்டோரை நேரில் கண்டு அவர்தம் வாய்மொழிகளைத் தொகுத்த சீ. அருணின் பணி காலத்தாற் பிந்தியது. புதினங்களின் பெறுமதியைக் குறைத்துக் கூறுவது நோக்கமன்று. எனினும் புதினத்தில் இறப்பவனுக்கு ஆசிரியர் பெயர் சூட்டலாம். சான்றுரையில் அது இயலாது.

இந்நிலையில் குடும்ப நினைவேடு பெரும்பாலும் இருவர் ஆக்கமாகவே அமையும்: முதியவர் சொல்ல, பள்ளியில் பயிலும் மகனோ பேத்தியோ எழுதியது. சொன்னவர் நடையும் எழுதியவர் நடையும் ஒரே வரியில் கலந்திருக்கும். எழுதியவர் பெயர், அப்போது அவருடைய வயது, எழுதிய ஆண்டு ஆகியவற்றை முதலில் கேட்டுப் பதிவுசெய்வது இன்றியமையாதது. அவரும் மறைந்துவிட்டால் இரு குரல்களையும் பிரித்தறிய வழியில்லை.

ஐரோப்பிய முன்மாதிரிகள்

யூதப் பேரழிப்பின் சான்றுகளுள் இரண்டு இங்கு நோக்கத்தக்கவை. வார்சா நகரில் அடைக்கப்பட்ட யூதர்களின் வாழ்வை எம்மானுவேல் ரிங்கெல்புளும் என்னும் வரலாற்றறிஞர் ஒரு குழுவாக இயங்கி ஆவணப்படுத்தினார். தகரப் பெட்டிகளிலும் பால்கலன்களிலும் அடைத்துப் புதைக்கப்பட்ட அவ்வாவணங்களின் ஒரு பகுதி 1946இலும் மற்றொரு பகுதி 1950இலும் தோண்டியெடுக்கப்பட்டன. நாளிதழ்த் துணுக்கு, உணவுப் பங்கீட்டுச் சீட்டு, மிட்டாய் சுற்றிய தாள் முதலியனவும் அங்குச் சான்றாகப் போற்றப்பட்டன.

உறவினர் ஒருவர் பதிப்பாசிரியராகும்போது நேர்வதை அன்னா பிராங்கின் நாட்குறிப்பு தெளிவாகக் காட்டுகிறது. குடும்பத்தில் உயிர்தப்பிய ஒரே ஒருவரான தந்தை ஓட்டோ பிராங்க் 1947இல் அதனை வெளியிட்டபோது, தாயைப் பற்றிய கடுஞ்சொற்களையும் மகளின் உடல்சார்ந்த சில பகுதிகளையும் நீக்கினார். அன்னாவே தம் குறிப்பை 1944இல் திருத்தி எழுதத் தொடங்கியிருந்தமையால் அவர் கைப்பட்ட வடிவங்களே இரண்டு. ஓட்டோ 1980இல் மறைந்தபின் கையெழுத்துப்படிகள் நெதர்லாந்தின் போர் ஆவண நிறுவனத்தை அடைந்தன. 1986இல் மூன்று வடிவங்களையும் அருகருகே வைத்த ஆய்வுப் பதிப்பு வெளிவந்தது. தந்தை செய்தது தவறு என்று கூறுவது எளிது. ஆயினும் மூலத்தை அழிக்காமல் அவர் காத்தமையாலேயே அவர் நீக்கியவற்றை இன்று மீட்க முடிந்தது. வெளியீட்டில் குடும்பம் எதை மறைத்தாலும் மூலத்தை மறைக்கலாகாது என்பதே இதிலிருந்து பெறப்படும் நெறி.

சுவடிப் பதிப்பும் நினைவேட்டுப் பதிப்பும்

சி.வை. தாமோதரம் பிள்ளையும் உ.வே. சாமிநாதையரும் வளர்த்த பதிப்பு மரபு பல ஏடுகளை ஒப்பிட்டுச் சிதைந்த பாடத்தைச் செப்பம் செய்வது. படியெடுத்தோர் பிழையை நீக்கி ஆசிரியர் பாடத்தை அணுகுவது அதன் குறிக்கோள். நினைவேட்டில் கைவசமிருக்கும் ஒரே படியே ஆசிரியர் படி. ஆகவே ‘பிழை’யும் ஆசிரியருடையதே, திருத்துவதற்குப் பதிப்பாசிரியருக்கு உரிமை இல்லை. தமிழ்த்துறையினர் இவ்விடத்தில் தம் பழக்கத்தை அடக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

சில எடுத்துக்காட்டுகள் இதனை விளக்கும். நினைவேட்டில் ‘பேதி கண்டு செத்தான்’ என்றிருப்பதைக் ‘காலராவால் இறந்தார்’ என மாற்றினால் அது நடைத்திருத்தம் ஆகாது, மருத்துவத் தீர்ப்பாகிவிடும். 1943இன் மழைக்காலத்தில் முகாம்களில் காலரா பரவியது உண்மை. வயிற்றுக்கடுப்பால் இறந்தோரும் மிகுதி. ‘பேதி’ என்னும் சொல் இரண்டையும் குறிக்கும். ‘லயம்’, ‘கிராணி’, ‘தண்டல்’, ‘வாழைமர நோட்டு’ முதலான தோட்டத்துச் சொற்களும் அவ்வாறே நிற்கவேண்டியவை; பொருள் விளக்கம் அடிக்குறிப்பில் இடம்பெறலாம்.

காலக்குறிப்புகள் இன்னும் நுட்பமானவை. ‘சித்திரபானு மாசியில் ஏற்றினார்கள்’ என்று ஒருவர் எழுதியிருந்தால் அது 1943 பிப்ரவரி நடுப்பகுதியிலிருந்து மார்ச் நடுப்பகுதிக்குட்பட்ட காலத்தைக் குறிக்கும். அதனை வெறுமனே ‘பிப்ரவரி 1943’ என மாற்றினால் ஒரு பாதி இழக்கப்படும். ‘காலை ஏழு மணிக்குக் கும்மிருட்டில் வேலைக்கு விரட்டினார்கள்’ என்னும் கூற்றை நினைவுப் பிசகு என்று ஒதுக்கத் தோன்றும். ஆனால் ஜப்பானியர் முகாம்களில் டோக்கியோ நேரத்தையே பின்பற்றினர். அது தாய்லாந்து நேரத்தைவிட இரண்டு மணி முந்தியது. அங்கு ஏழு மணி என்பது உள்ளூரின் விடியற்காலை ஐந்து மணி. பிழையெனத் தோன்றும் இத்தகைய குறிப்பே எழுதியவர் அங்கு இருந்தார் என்பதற்கு வலிய சான்றாகிறது.

பொருளைக் காத்தல்

நினைவேடுகள் பெரும்பாலும் மலிவான பள்ளி நோட்டுப் புத்தகங்களில் அமைந்தவை. அத்தாள் அமிலத்தன்மையால் பழுத்து ஒடியும்; இரும்புக் கம்பித் தையல் துருவேறும். கிழிந்த தாளில் ஒட்டுநாடா ஒட்டுவதும் நெகிழித்தகட்டில் அடைத்து வெப்பமூட்டி ஒட்டுவதும் நன்மனத்தோடு செய்யப்படும் பெருங்கேடுகள். அட்டை, வெற்றுத்தாள், இடையே செருகிய கடிதம், கணக்கெழுதிய பின்பக்கம் ஆகிய அனைத்தையும் இருந்த வரிசை மாறாமல் வண்ணத்தில் ஒளிவருடி, சுருக்கப்படாத கோப்பாகவும் பயன்பாட்டுப் படியாகவும் இருவகையில் சேமிக்க வேண்டும். ஒளிவருடியபின் மூலத்தைத் தூக்கியெறியும் வழக்கம் வீடுகளில் காணப்படுகிறது. மையின் மாற்றமும் அழித்தெழுதிய தடமும் மூலத்தில்தான் முழுமையாகத் தெரியும். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற நிறுவனங்களில் படியொன்றை ஒப்படைப்பது ஒற்றை வீட்டை நம்பியிருப்பதினும் பாதுகாப்பானது. ஜப்பானிய ஆட்சிக்கால வாய்மொழிப் பதிவுகளைத் திரட்டியுள்ள சிங்கப்பூர்த் தேசிய ஆவணக் காப்பகம் ஒப்பீட்டுக்கு உதவும்.

வெளியிடத் தயங்கவேண்டிய பகுதிகளும் உண்டு. ஆள் பிடித்துக் கொடுத்த கங்காணியின் பெயர் இருக்கலாம். கணவன் இறந்தான் என எண்ணி மறுமணம் செய்துகொண்ட பெண்ணின் செய்தி இருக்கலாம். அவர்களின் பேரக்குழந்தைகள் அதே ஊரில் வாழக்கூடும். இத்தகைய பக்கங்களைக் குறித்த ஆண்டுவரை மூடிவைக்கும் உடன்படிக்கையோடு காப்பகத்தில் ஒப்படைத்து, அச்சில் விடுபட்ட இடத்தையும் அளவையும் வெளிப்படையாகக் குறிப்பதே தக்கது. சொல்லாமல் நீக்குவது பின்வரும் ஆய்வாளரை ஏமாற்றுவதாகும்.

ஊர்ப்பதிவேடுகளோடு பொருத்துதல்

மலாயாவுக்குத் தொழிலாளரை அனுப்பிய முதன்மையான மாவட்டங்களுள் திருச்சிராப்பள்ளியும் ஒன்று. இன்றைய அரியலூர் மாவட்டப் பகுதியாகிய உடையார்பாளையம் வட்டம் அக்காலத்தில் அதனுள் அடங்கியது. நாகப்பட்டினத்திலும் ஆவடியிலும் இருந்த குடியேற்ற முகாம்களின் வழியே இவர்கள் கப்பலேறினர். உதவிபெற்ற தொழிலாளர் குடியேற்றத்தை 1938இல் இந்திய அரசு தடைசெய்தது. ஆகவே ஊரைவிட்டுச் சென்றோர் பெயர்கள் அதற்கு முற்பட்ட ஊர்ப்பதிவேடுகளில் தேடத்தக்கன.

இவ்வகையில் வரதராஜன்பேட்டை போன்ற ஊர்கள் ஆய்வாளருக்கு வாய்ப்பான களங்கள். முந்திரித் தோப்புகள் சூழ்ந்த இப்பேரூரில் கத்தோலிக்கர் மிகுதி. கத்தோலிக்கப் பங்குகள் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பதிவேடுகள் வைத்திருத்தல் திருச்சபைச் சட்டப்படி கட்டாயம். வேறு ஊர்களில் பிறப்பு இறப்புப் பதிவேடு சிதைந்திருந்தாலும் இங்கு இரண்டாவது சான்று கிடைக்க வழியுண்டு. நினைவேட்டில் ‘சவரிமுத்து மகன் அந்தோணி’ என்பது போல் தந்தைபெயரோடு ஒரு பெயர் வந்தால், அதனைத் திருமுழுக்குப் பதிவேட்டில் தேடி ஆண்டையும் பெற்றோரையும் உறுதிசெய்யலாம். ஒரே பெயர் பலருக்கு வழங்கும் ஊர்களில் ஞானப்பெற்றோர் பெயரும் துணைபுரியும். நினைவேடு பெயரை ‘அந்தோணிசாமி’ எனச் சீர்ப்படுத்தி அச்சிட்டிருந்தால் இப்பொருத்தமே வழிதவறும்.

இத்தகைய தேடலில் திருமுழுக்குப் பதிவு கிடைத்து, திருமணப் பதிவும் அடக்கப் பதிவும் கிடைக்காமற் போகும் பெயர்களைத் தனியே தொகுக்க வேண்டும். அவர்களுள் சிலர் வேறு ஊர்களில் குடியேறியிருக்கலாம். சிலர் மலாயாவிலேயே வாழ்ந்து மறைந்திருக்கலாம். எஞ்சியோரை நினைவேட்டுப் பட்டியலோடு ஒப்பிட்டு, பதிவேட்டின் ஆண்டு, பக்க எண் ஆகியவற்றுடன் பின்னிணைப்பாகத் தருவது பதிப்பாசிரியர் கடமை. உறுதிப்படாத பெயரை நீக்காமல், உறுதிப்படவில்லை என்னும் குறியோடு அதே வரிசையில் வைத்தல் வேண்டும்.